மடிப்பில் மரத்தூள்

பிப்ரவரி 3

வாண்டின் அப்பாவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நம்பிக்கையோடு இருக்கிறோம். கட்டிலை ஜன்னல் ஓரமாக மாற்றிவிட்டார்கள். உங்கள் மகளுக்கு உடம்புதான் முடியவில்லை, வாய் ஓயவில்லை. ஊசி போட வரும் நர்ஸிடம், "எங்கப்பா தச்சர். எனக்குப் பூட்டு வெச்ச மேஜை செய்றார்" என்று நாளுக்கு நான்கு தடவை பெருமையடிக்கிறாள். வேலை எதுவரை வந்திருக்கிறது? எழுதுங்கள், வாசித்துக் காட்ட வேண்டும்.

போன தடவை வந்தபோது பெரிய டாக்டர் உங்களைத் தனியே கூப்பிட்டாராமே. என்ன சொன்னார் என்று நான் கேட்கப்போவதில்லை. கைவிடமாட்டேன் என்று ஆண்டவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அவளைப் பிழைக்க வைப்பார். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வாண்டின் அம்மா

பிப்ரவரி 11

வாண்டின் அம்மாவுக்கு,

கால் நான்கும் ஆயிற்று. மேல்பலகையை இழைத்துக்கொண்டிருக்கிறேன். பித்தளைப் பூட்டும் வாங்கிவிட்டேன். சாவி இரண்டு: ஒன்று அவள் வைத்துக்கொள்ள, இன்னொன்று அவள் தொலைக்க என்று சொல். பள்ளிக்கூட பெஞ்சு வேலை கழுத்தை நெரிக்கிறது, அதனால்தான் வர முடியவில்லை.

உன் நெஞ்சுரம் எனக்கு இல்லை. எனக்கும் சேர்த்து நீயே ஜெபம் செய்.

வாண்டின் அப்பா

பிப்ரவரி 24

வாண்டின் அப்பாவுக்கு,

மூச்சு வாங்குகிறது அவளுக்கு. உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் கையில் வாங்கி உதறிப் பார்த்தாள். பிறகு தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பெஞ்சு கிடக்கட்டும், உடனே வாருங்கள்.

வாண்டின் அம்மா

மார்ச் 20

வாண்டின் அம்மாவுக்கு,

நான் வந்து சேர்வதற்குள் போய்விட்டாள். அடக்கம் முடிந்து நீ உன் அக்கா வீட்டுக்குப் போனாய், நான் இங்கே வந்தேன். சேர்ந்து அழக்கூட இல்லை நாம்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மேஜை இல்லை. ஒரு காலைக்கூட நான் அறுக்கவில்லை. "ரெண்டு மாசம் தாங்கினாலே பெரிசு" என்றார் டாக்டர். அன்றைக்கே கை விழுந்துவிட்டது, பெஞ்சு வேலையையும் தொடவில்லை. மேஜைக்கு வாங்கிய பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சவப்பெட்டிக்கு ஆகுமே என்று நினைத்தேன். பிள்ளை மூச்சோடு இருக்கும்போதே பெற்றவன் பென்சிலால் அளவு போட்டேன். கடைசியில் பெட்டியை அங்கேயே வாங்கிவிட்டோம். பலகைகள் என் கோடுகளோடு இன்னும் சாய்ந்து நிற்கின்றன.

என் அவிசுவாசம்தான் அவளைக் கொன்றதோ? ஆண்டவரும் வாக்குக் கொடுத்தார், நானும் கொடுத்தேன். இரண்டு பேருமே காப்பாற்றவில்லை. இனி என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று நீ சொன்னாலும் உன் மேல் தப்பில்லை.

வாண்டின் அப்பா

ஏப்ரல் 2

வாண்டின் அப்பாவுக்கு,

இரண்டு நாள் உங்களை அடிக்க வேண்டும்போல இருந்தது. மூன்றாம் நாள்தான் அழுகை வந்தது.

அவளுக்குத் தெரியும். அன்று கடிதத்தை உதறிவிட்டு, "அப்பா இன்னும் மேஜையைத் தொடவே இல்லம்மா. வேலை செஞ்சா லெட்டர் மடிப்புல மரத்தூள் இருக்கும்" என்றாள். நான் நம்பவில்லை. "அப்போ அப்பா பொய் சொல்றாரா?" என்று கேட்டேன். "பயந்திருக்கார். ஆனா அப்பா சொன்னா செய்வார்" என்றாள். எப்போது என்று கேட்கவே இல்லை அவள்.

நான் ஆண்டவரை அப்படி நம்பவில்லை. பிழைக்க வைப்பார் என்று நானே ஒரு வாக்கை எழுதி, அதில் அவர் கையெழுத்தையும் நானே போட்டுக்கொண்டேன். அவர் சொன்னது கைவிடமாட்டேன் என்பது மட்டும்தான். கடைசி நாள் அவள் பயப்படவில்லை. என் விரலைப் பிடித்தபடியே போனாள். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வயிறு எரிகிறது, ஆனாலும் இதை என்னால் மறுக்க முடியவில்லை.

உங்கள் அவிசுவாசம் அவளைக் கொல்லவில்லை. அவ்வளவு பெரிய ஆள் இல்லை நீங்கள்.

வீட்டுக்கு வரத்தான் இன்னும் கால் எழவில்லை.

வாண்டின் அம்மா

ஏப்ரல் 19

வாண்டின் அம்மாவுக்கு,

மடியில் வைத்துப் பிரி, தூள் கொட்டும்.

பென்சில் கோடுகளை இழைத்து எடுத்துவிட்டேன். ஜெபம் இன்னும் வாய்க்கு வரவில்லை. உளி பிடிக்கும்போது அவள் சொன்னதையே சொல்லிக்கொள்கிறேன்: சொன்னா செய்வார்.

இந்தத் தடவை பொய் இல்லை. கால் மூன்றுதான் ஆகியிருக்கிறது. நான்காவதைப் பொருத்தும்போது அந்தப் பக்கம் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

வாண்டின் அப்பா