பதினொரு மீட்டர்

ஆகஸ்ட் 18, 2025. திங்கள்.

காலையில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஓசூர் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். மதியம் வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அதே கேள்விகள். கர்நாடகாவில் ஸ்டெபினுக்கு யாரைத் தெரியும்? வேறு பெண் பழக்கம் உண்டா?

எழுதி வைக்கிறேன். இனி யார் கேட்டாலும் தேதி மாறக் கூடாது. ஜூலை 30, புதன், சாயங்காலம். பர்கூர் பக்கத்துக் கல் குவாரியிலிருந்து டிப்பர் லாரியோடு என் புருஷனைக் காணவில்லை. இன்றோடு பத்தொன்பது நாள். லாரியைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டதாக முதலாளி கிருஷ்ணப்பன் புகார் கொடுத்திருக்கிறார். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி வண்டி போனதை யாரோ பார்த்தார்களாம். யார் என்று கேட்டால் பதில் இல்லை.

வண்டி திருடப் போகிறவன் தன் பைக்கைக் குவாரி கேட்டிலேயே விட்டுவிட்டா போவான்? இதைத்தான் கேட்டேன். ரைட்டர் சிரித்தார். "லாரி கெடச்சவனுக்குப் பைக் எதுக்கும்மா?"

வீட்டுக்கு வந்தால் அத்தை வாசலிலேயே கேட்டாள். "என்ன சொன்னாங்க? எங்க இருக்கானாம்?" இல்லை அத்தை, ஒன்றும் தெரியவில்லை என்றேன். "உன் வாய்க்குப் பயந்துதான் ஓடிட்டான் எம் புள்ள. எங்கயோ நல்லா இருக்கட்டும். நீ தேடாத" என்றாள்.

நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

ஆகஸ்ட் 19.

தேடுவேன்.

ஆகஸ்ட் 22. வெள்ளி.

அந்தக் குவாரிக்குள் பழைய குழி ஒன்று இருக்கிறது. கல் எடுத்து முடித்துக் கைவிட்டது. தண்ணீர் நிறைந்து பச்சையாகக் கிடக்கிறது. வண்டிப் பாதை அதன் விளிம்பை ஒட்டியே போகிறது. ஓரத்தில் தடுப்பு கிடையாது. "ரிவர்ஸ் எடுக்கும்போது பார்த்துத்தான் எடுக்கணும்" என்று ஸ்டெபின் ஒருமுறை சோறு சாப்பிடும்போது சொன்னார். நான் டிவி பார்த்துக்கொண்டு உம் கொட்டினேன்.

நான் மனு கொடுத்த பிறகு தீயணைப்பு வண்டி ஒரு நாள் வந்தது. குவாரி மேனேஜர் கிழக்குப் பாறையைக் காட்டி, இங்கே பாருங்கள் என்றான். கொக்கி போட்டு இழுத்தார்கள். கயிறு எட்டவில்லை. போய்விட்டார்கள்.

இன்று கேன்டீனில் மெயின்டனன்ஸ் சுரேந்தரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு மீன் பிடிக்கிற பைத்தியம். "எங்கிட்ட ஒரு ஆழம் பார்க்கற மிஷின் இருக்கு. போட் வாங்கறதுக்கு முன்னாடி அதை வாங்கிட்டேன். அட்டைப்பெட்டிகூடப் பிரிக்கல" என்றார். படகின் பின்னால் ஒரு கருப்பு மூக்கு மாட்ட வேண்டுமாம். அது தண்ணீருக்குள் சத்தம் அனுப்பும். அடியில் பட்டுத் திரும்பி வருவதைத் திரையில் கோடாக வரையும். அடியில் மீன் இருந்தால் மீன். பாறை இருந்தால் பாறை.

லாரி இருந்தால்?

"தெரியணுங்க. நிச்சயம் தெரியும்."

ஆகஸ்ட் 24. ஞாயிறு.

பூசைக்குப் போகவில்லை. கிருஷ்ணகிரி டேமில் மீன் பிடிக்கிற முனிவேலைத் தேடிப் போனேன். மோட்டார் வைத்த சின்ன ஃபைபர் படகு அவரிடம் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் வலையைக் கீழே வைத்துவிட்டார்.

"பொணம் தேடறதுக்கா? வேணாம்மா. அப்புறம் அந்தப் போட்ல எவன் மீன் வாங்குவான்?"

கெஞ்சினேன். அழவில்லை. அழுதால் சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள் என்று இந்த நாட்களில் தெரிந்துகொண்டேன். அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் உச்சிக்கு வந்த பிறகு அவர் மனைவி நஞ்சம்மா வந்து தண்ணீர் கொடுத்தாள். புருஷனைப் பார்த்து, "நாளைக்கு நீ போயிட்டா நானும் இப்படித்தான் எவன் வாசல்லயோ உக்காரணும்" என்றாள்.

அடுத்த ஞாயிறு வரச் சொன்னார்.

ஆகஸ்ட் 31. ஞாயிறு.

இன்று மாட்டிவிட்டோம். கை வலிக்கிறது. முழுதாக எழுதுகிறேன்.

படகைக் கரையில் பழைய டயர்கள் மேல் ஏற்றி வைத்திருந்தார் முனிவேல். சுரேந்தர் மிஷினை மட்டும் கொடுத்துவிட்டார், வர பயம். கிருஷ்ணப்பனுக்கு ஓசூரிலும் ஆட்கள் உண்டு. அதனால் மூன்று ராத்திரி கையேட்டைப் படித்தேன். வயர் கட்டுவது என் தினப்படி வேலை. எட்டு வருஷமாக ஹார்னஸ் லைனில் கார்களுக்குக் கட்டுகிறேன். இது ஒரே ஒரு வயர்.

மூக்கை மாட்ட வேண்டிய இடம் படகின் பின்பலகை. மோட்டார் விசிறியிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விசிறி கிளப்பும் குமிழிகள் சத்தத்தைக் குழப்பிவிடும். விசிறி மேலிருந்து கீழே இறங்கும் பக்கம்தான் நல்லது — எங்களுக்கு வலது பக்கம். படகின் அடிமட்டத்தைவிட மூக்கு ஒரு மூன்று மில்லி கீழே இறங்கியிருக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலை அடியில் ஒட்டிப் பிடித்து பென்சிலால் குறித்தேன்.

டிரில்லை எடுத்ததும் முனிவேல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓட்டை போடப் போறியா? போட்லயா?"

"இல்லன்னா நிக்காதுண்ணா."

"தண்ணி ஏறுச்சுன்னா அந்தக் குழியில நானும் உன்கூடவே போயிருவேன், அதான?"

விளையாட்டாகச் சொல்லவில்லை. டிரில் ஊசியில் டேப் சுற்றி, அந்த அளவுக்கு மேல் உள்ளே போகாது என்று காட்டினேன். ஃபைபர் மேல்பூச்சு விரியாமல் இருக்க முதலில் டிரில்லைத் தலைகீழாகச் சுற்றவிட்டு மெதுவாகப் பள்ளம் எடுத்தேன். இரண்டு துளை. உள்ளே சீலன்ட் நிரப்பி, துருப்பிடிக்காத ஸ்க்ரூ. மூன்றாவது ஸ்க்ரூ கடைசியில்தான் — மூக்கை மேலே கீழே நகர்த்திச் சரிபார்த்த பிறகு பூட்டுவதற்கு.

நீளமாக இருந்த வயரை முனிவேல் வெட்டிவிடலாம் என்றார். வெட்டக் கூடாது. சுருட்டிக் கட்டினேன். மோட்டார் வயரோடு சேராமல் தனியாகவே கொண்டுபோய்க் கிளிப் அடித்தேன். பேட்டரி, குவாரி கேட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த ஸ்டெபினின் பைக்கிலிருந்து கழற்றியது.

ஸ்விட்ச் போட்டேன். திரை நீலமாக எரிந்தது. கரையில் இருக்கும்போது அளவு காட்டாது, இரண்டு கோடு மட்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்தில் முதல் தடவை. வேலை சுத்தமாக இருந்தது. உடனே என்னை நானே அடித்துக்கொள்ளத் தோன்றியது. எதற்குச் சிரிக்கிறேன் நான்?

செப்டம்பர் 1.

கையில் சீலன்ட் வாடை. அத்தை தட்டைத் தரையில் தள்ளி வைத்தாள். "புருசன் போய் ஒரு மாசம்தான் ஆகுது, எவன் எவன்கூடவோ டேமுக்குப் போறா."

செப்டம்பர் 7. ஞாயிறு.

டேமில் ஓட்டிப் பார்த்தோம். மெதுவாகப் போனால் அளவு வருகிறது. வேகம் எடுத்தால் திரை வெறுமையாகிவிடுகிறது. மூக்கடியில் குமிழி. கரைக்கு வந்து நாலு மில்லி இறக்கி, வால் பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்தேன். மறுபடி போனோம். அளவு மறையாமல் நின்றது. கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்தேன். கயிறு ஆறு மீட்டர். திரையும் ஆறு.

பொய் சொல்லவில்லை. மூன்றாவது ஸ்க்ரூவைப் பூட்டிவிட்டேன்.

செப்டம்பர் 14. ஞாயிறு. திருச்சிலுவைத் திருநாள்.

காலை ஆறரைக்குச் 'சின்ன யானை' வண்டியில் படகை ஏற்றி, ஆடு மேய்க்கிற பக்கமாகக் குவாரிக்குள் போனோம். ஞாயிறு, வேலை இல்லை. முனிவேலின் மச்சான்கள் இரண்டு பேர் படகை இறக்கிக் கொடுத்துவிட்டு மேலே நின்றார்கள்.

கிழக்குப் பாறையில் ஆரம்பித்தோம். முப்பத்தெட்டு மீட்டர். நாற்பத்தொன்று. அடி வெட்டி வைத்த மாதிரித் தட்டை. ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் போனது. நான் முட்டாளா? அத்தை சொல்வதுதான் நிஜமோ? ஓடித்தான் போய்விட்டாரா?

அப்போது மேலே கார் வந்து நின்றது. கிருஷ்ணப்பனும் மேனேஜரும்.

"ஏம்மா! யாரக் கேட்டு உள்ள வந்த? திருடன் பொண்டாட்டிக்கு இவ்ளோ திமிரா?" என்று கத்தினார். முனிவேல் மோட்டாரை நிறுத்திவிட்டார். குழிக்குள் எல்லாச் சத்தமும் தெளிவாகக் கேட்கும். கிருஷ்ணப்பன் மேனேஜர் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் தெலுங்கில் கேட்டார்: "தீனிகி எவரு செப்பினாரு?"

என் லைனில் பாதிப் பெண்கள் தெலுங்குதான். இவளுக்கு யார் சொன்னது — அதுதான் கேட்டார்.

சொல்வதற்கு ஒன்று இருந்தால்தானே யார் சொன்னது என்று கேட்க முடியும்!

மேனேஜர் கண் மேற்கே, வண்டிப் பாதை விளிம்புக்குக் கீழே போய்விட்டு வந்தது. ஒரு நொடி. நான் பார்த்துவிட்டேன்.

"அண்ணா, மேக்கால ஓட்டுங்க."

"வேணாம்மா, ஆளுங்கள வரவழைப்பான்."

"ஓட்டுங்கண்ணா."

முப்பது. இருபத்தாறு. திடீரென்று பதினான்கு. கல் வெட்டும்போது விட்ட படி அது. தட்டையான கோடு. பிறகு கோடு எழுந்தது. பதினொன்று. பெட்டி மாதிரி எழுந்து, நேராகப் போய், மறுபடி பதினான்குக்கு விழுந்தது. திரும்பி வந்தோம். அதே பெட்டி. குறுக்கே போனோம். குறுகலான பெட்டி. கொக்கியைப் போட்டு முனிவேல் இழுத்தார். ஸ்டெபின் வண்டியில் கட்டுகிற நீலத் தார்ப்பாயின் துண்டு வந்தது.

இதை எழுதித்தான் ஆக வேண்டும், யாரும் படிக்கப் போவதில்லை. அந்தக் கோடு எழுந்தபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ஜெயிச்சுட்டேன் என்றுதான் நினைத்தேன். இதை அத்தை மூஞ்சிக்கு நேரா நீட்டணும் என்று நினைத்தேன். அவர் அதுக்குள்ள இருக்காருன்னு தெரிஞ்சும். பதினொரு மீட்டர் கீழ. நாலு மாடி உயரம்கூட இல்ல.

முனிவேல் தொப்பியைக் கழற்றிவிட்டார். அப்புறம்தான் அந்தத் தார்ப்பாய்த் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 17. புதன்.

தார்ப்பாய்த் துண்டோடு தாசில்தாரிடம் மனு கொடுத்தேன்; இன்று கிரேன் வந்தது. மூழ்கி வேலை செய்பவர்கள் இருவர் சென்னையிலிருந்து வந்தார்கள். முதலில் ஆளை வெளியே எடுத்துவிட்டு அப்புறம் வண்டியைத் தூக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள். கிருஷ்ணப்பனின் ஆள், வண்டியோடு சேர்த்தே தூக்குங்கள், நேரம் மிச்சம் என்றான். தாசில்தார் தலையாட்டினார்.

தூக்கினார்கள். பாதி வழியில் சங்கிலி நழுவி வண்டி மறுபடி தண்ணீரில் விழுந்தது. "சேஸிஸ் பாத்துய்யா, சேஸிஸ்!" என்று கத்தினார் கிருஷ்ணப்பன்.

இரண்டாம் தடவை வந்தது. பார்க்க வேண்டாம் என்றார்கள். பார்த்தேன். பெல்ட்டையும் சாவிக்கொத்தையும் வைத்து நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 18.

அடக்கம். அத்தை வரவில்லை.

செப்டம்பர் 19. வெள்ளி.

நேற்று கல்லறையிலிருந்து வந்ததும் அத்தையிடம் போனேன். திருடன் இல்லை அத்தை, ஓடியும் போகவில்லை, வேலை செய்த இடத்திலேயே செத்தார் — இதைச் சொல்லத்தான் போனேன். சொல்லும்போது குரலில் கொஞ்சம் திமிர் இருந்தது. எனக்கே கேட்டது.

அவள் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"அவன் திருடனாவே இருந்துட்டுப் போகட்டும்டி. எவளையாவது கூட்டிக்கிட்டுப் பெங்களூர்ல கெடக்கான்னு நெனச்சுத்தான் நான் சோறு தின்னுட்டு இருந்தேன். உனக்கு நியாயம் வேணும். எனக்கு எம் புள்ள வேணும். தோண்டிக் கொண்டாந்து சாகடிச்சுட்டியே."

வாசலுக்கு வந்து உட்கார்ந்தேன்.

இத்தனை நாள் என்னைத் திட்டினாளே, அத்தனையும் அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகவா? என்னால் ஓடினான் என்றால்தான் எங்கோ இருக்கிறான் என்று ஆகும். எனக்கு ஏன் அது புரியவில்லை? புரிந்திருந்தால் தேடாமல் இருந்திருப்பேனா?

இருந்திருக்க மாட்டேன்.

செப்டம்பர் 28.

சுரேந்தரிடம் மிஷினைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், கண்ணைப் பார்க்கவில்லை. முனிவேலின் படகில் துளைகளை நானே போய் அடைத்துவிட்டு வந்தேன். அவரிடம் மீன் வாங்குகிறவர்கள் பாதிப்பேர் நின்றுவிட்டார்களாம். நஞ்சம்மாதான் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை.

அக்டோபர் 6. திங்கள்.

ஸ்டேஷனில் தாள் கொடுத்தார்கள். திருட்டு வழக்கு 'தவறான தகவல்' என்று முடிந்தது. புதிய வழக்கு: அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியது. குற்றவாளி ஸ்டெபின். குற்றவாளி இறந்துவிட்டதால் வழக்கு முடிக்கப்படுகிறது.

அப்போ தடுப்பு இல்லாத பாதை? கிழக்கே காட்டியது? தெலுங்கில் கேட்டது? "எழுதிக் குடுத்துட்டுப் போம்மா" என்றார் ரைட்டர். எழுதிக் கொடுத்தேன். மேலே வேறு ஃபைலை வைத்தார்.

பஸ்ஸில் வரும் வழியில் குவாரியில் இறங்கிப் பார்த்தேன். குழி விளிம்பு நெடுக இப்போது பெரிய பெரிய கற்களாக அடுக்கியிருக்கிறார்கள்.

அக்டோபர் 15.

அத்தை பக்கத்து வீட்டு மோகனப்ரியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எடுத்தது வேறு யாரோவாம். அத்தனை நாள் தண்ணியில் கிடந்ததை எப்படி அடையாளம் சொல்வார்களாம். ஸ்டெபின் ஹூப்ளி பக்கம் வண்டி ஓட்டுகிறானாம்.

மோகனப்ரியா என்னைப் பார்த்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 2. ஞாயிறு. கல்லறைத் திருநாள்.

ஊரே கல்லறையில் இருந்தது. புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, பூப் பரப்பி. ஸ்டெபினின் மண் இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. சிமென்ட் இப்போது போட வேண்டாம் என்றார் சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிள்ளை. சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினேன். சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வரிசையாக வந்தார். எங்கள் இடத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அத்தை அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள்.

"எங்க போயிட்டு வர்ற?"

"கல்லறைக்கு அத்தை."

கத்தி நின்றது.

"யாருக்கு?"

கண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். என் பக்கம் காகிதம் எல்லாம் இருக்கிறது.

"எங்கம்மாவுக்கு" என்றேன்.

என் அம்மாவைப் புதைத்தது திண்டுக்கல்லில். அது அத்தைக்கும் தெரியும், மண் போட வந்திருந்தாள். மறுபடி வெங்காயத்தை எடுத்தாள்.

"சரி. கைகால் கழுவிட்டு வா. சோறு போடறேன்."