ஒன்றரை அங்குலம்

ஜனவரி 9
அன்புத் தங்கைக்கு,
போன வருடம் மணிக்கட்டு, இப்போது விலா. "இருமினேன், முறிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருடமாக ஊரார் பொய்யைப் பிரித்துப் பார்க்கிறவன் நான். இருமி விலா முறிந்ததாக இதுவரை ஒருவரும் மனு கொடுத்ததில்லை. மாப்பிள்ளை கை நீட்டுகிறாரா? மறைக்காமல் எழுது. படித்ததும் இதைக் கிழித்துவிடு.
அண்ணன்

ஜனவரி 16
அன்புள்ள அண்ணாவுக்கு,
அவரா? கோபம் வந்தால் தையல் மெஷினை வேகமாக மிதிப்பார், அவ்வளவுதான். இனி தும்மினால்கூட உனக்கு எழுதமாட்டேன், போ.
தங்கை

ஏப்ரல் 20
தங்கைக்கு,
மூன்று மாதமாக ஒரு வரி இல்லை. போனில் முனகுகிறாய்; ஏன் என்றால் பேச்சை மாற்றுகிறாய். பக்கத்தில் அவர் நிற்கிறார், அப்படித்தானே? வக்கீலிடம் பேசிவிட்டேன்.
அண்ணன்

ஏப்ரல் 27
அண்ணாவுக்கு,
வக்கீல் வேண்டாம். ஜனவரியிலிருந்தே எனக்கு முதுகுவலி. டாக்டரிடம் போனால் இன்னொரு முறிவு என்பார், நீ பழியை அவர் தலையில் போடுவாய் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை.

கண்டுபிடித்தது அவர்தான். என் நைட்டி தரையில் புரள்வதைப் பார்த்து டேப்பை எடுத்தார். அளவு நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் தப்பா தைக்கல. நீதான் ஒன்றரை அங்குலம் குறைஞ்சிருக்க," என்று அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

ஸ்கேனில் எலும்புப்புரை என்று வந்தது. நாற்பத்தெட்டு வயதிலேயே எலும்பு உள்ளுக்குள் மெலிந்து, முதுகெலும்பில் இரண்டு மூன்று கணு நசுங்கியிருக்கிறது. "மணிக்கட்டு உடைஞ்சப்பவே இந்த டெஸ்ட் எடுத்திருக்கணும்மா," என்றார் டாக்டர். வாரம் ஒரு மாத்திரை, தினமும் கால்சியம், நடை. கீழே மட்டும் விழக்கூடாதாம்.

போன வாரம் ரிப்போர்ட்டைத் தேடியபோது உன் ஜனவரிக் கடிதம் அவர் கையில் அகப்பட்டது. நான் கிழிக்காதது என் தப்பு. அன்றிலிருந்து மாடிப்படியில் என் கையைப் பிடிப்பதில்லை. இரண்டு படி கீழே, கைகளை விரித்துக்கொண்டு, தொடாமல் பின்பக்கமாக இறங்குகிறார். கேட்டால், "பிடிச்ச இடத்துல முறிஞ்சா உங்க அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவ?" என்கிறார். எனக்கு அழுகையாக வருகிறது, அண்ணா.
தங்கை

மே 2
மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,
நாலு தாள் எழுதிக் கிழித்தபின் இது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவள் வைத்தியத்தை நானே மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். வெட்கமாக இருக்கிறது. மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள். என்னை வாசலோடு திருப்பி அனுப்பினாலும் சரி. படி இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.
உங்கள் மைத்துனன்