துலிக்கு ஒதுக்கி வைத்த மரம்

அல்லாஹ்வின் காவலில் மஸ்கட்டில் இருக்கும் என் மூத்த மகன் சோஹாக்குக்கு, அம்மா ஜொரினா எழுதுவது. நீயும் மருமகளும் என் பேத்தி துலியும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், இங்கே நாங்களும் சுகம்.

சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர மனசு சுகமாக இல்லை. போனில் சொல்லலாம் என்றால் போன் உன் தம்பி மொன்டு கையில், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவிடுவான், பக்கத்தில் உன் அப்பா. அதனால் ஊருக்கு வந்துவிட்டு மஸ்கட் திரும்பும் ஹாஷேமிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் இந்த ஊரில் என் வயசுக்காரிகளில் சொந்தக் கையால் கடிதம் எழுதுகிறவள் நான் ஒருத்தி. பிழை இருந்தால் மருமகளிடம் காட்டாதே.

கால்வாய்க்கு அக்கரை ரஹிசுத்தீன், உன்னோடு பந்து விளையாடியவன், போன வாரம் போய்விட்டான். ஈச்ச மரத்துப் பதநீரைப் பச்சையாகக் குடித்தானாம், சில நாளில் காய்ச்சல், பிறகு பெண்டாட்டியைப் பார்த்து நீ யாரு என்றானாம். அவன் வாயைத் துடைத்துவிட்ட அக்காவும் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள். காத்து கருப்பு என்கிறார்கள் இங்கே. சுகாதார வேலைக்கு வரும் பெண் நாசிமா, இது நிபா, வௌவால் எச்சிலும் மூத்திரமும் பட்ட பதநீரில் வருவது, பச்சையாகக் குடிக்காதீர்கள், நன்றாகக் கொதிக்க வைத்தால் பயமில்லை என்று வீடு வீடாகச் சொல்லிப் போனாள். அவன் குடித்தது நம் மரத்துப் பதநீரா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

முன்பு உன் அப்பா இறக்கும் பதநீரில் முக்கால்வாசி என் அடுப்பில் வெல்லமாகும். இப்போது டாக்காக்காரர்களுக்குப் பச்சையாகத்தான் வேண்டுமாம். மொன்டு போனில் ஆர்டர் பிடித்து, பாட்டிலில் அடைத்து, ஐஸ் வைத்து பஸ்ஸில் ஏற்றுகிறான். வௌவால் அண்டாமல் வலை கட்டிய ஒரே மரத்தைப் படம் பிடித்து போனில் போட்டிருக்கிறான், மற்றதெல்லாம் திறந்தபடி. சொன்னால் உன் அப்பா, "எங்க தாத்தா குடிச்சாரு, நான் குடிச்சேன், வௌவாலும் கூடக் குடிச்சுது, யாருடி செத்தா?" என்கிறார். "அப்ப அதுக்கு ஆலமரம் இருந்துச்சு, செங்கல் சூளைக்கு வெட்டிக் குடுத்தீங்க, இப்ப உங்க கலயந்தான் அதுக்குச் சோத்துப்பானை" என்றேன். "வந்துட்டா அஞ்சாங்கிளாஸ் டாக்டரம்மா" என்று சிரித்தார்.

பௌஷ மாதக் குளிரில் நீங்கள் வரும்போது மரத்தடியிலேயே துலிக்குப் பச்சைப் பதநீர் தருவதாக வாக்குக் கொடுத்தாரே, அதற்குத்தான் அந்தப் படத்தில் இருக்கும் குளத்தோரத்துக் குட்டை மரத்தை ஒதுக்கி வைத்து வலை கட்டியிருக்கிறார். வலை கலயத்து வாயில் மட்டும். பதநீர் ஊற மரத்தைச் சீவின இடத்தையும் சேர்த்து மூட நான் மூங்கிலில் முடைந்து கொடுத்த தட்டி தொழுவத்தில் கிடக்கிறது, சீவின முகத்துக்குக் காத்து படணுமாம். நேற்று விடிந்ததும் ஏணி வைத்து நானே ஏறிப் பார்த்தேன். கலயத்து வாய் சுத்தம். ஆனால் சீவின முகத்தில் ஈரமாக வௌவால் எச்சம், பதநீர் அதன் மேல் வழிந்துதான் உள்ளே சொட்டுகிறது. அவரை ஏற்றிக் காட்டினேன். "இத்தன வருஷம் கழிச்சு வர்ற புள்ளைக்கு வெந்நியாடி குடுக்கச் சொல்றே?" என்று, கையாலேயே துடைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். துடைத்தால் போகிறதா அது? அந்தக் கைக்குச் சோப்புப் போட வைப்பதற்குள் என் பாதி உயிர் போய்விட்டது.

என் பேச்சு ஏறாது, உன் பேச்சுக்கு அவரிடம் மறுபேச்சு இல்லை. வந்த மறுநாள் குவளையை நீட்டுவார். நோயைப் பற்றி அப்போது பேசாதே, அவர் முகம் சுண்டிப்போகும். எனக்கும் துலிக்கும் அம்மா காய்ச்சும் பதநீர்ப் பாயசம்தான் வேண்டும், அதை நினைத்துக்கொண்டேதான் வந்தோம் என்று மட்டும் சொல். அவர் மானமும் போகாது, கலயமும் என் அடுப்புக்கு வந்துவிடும். டாக்கா பாட்டில் விஷயத்தை மொன்டுவிடம் தனியாகக் கேள், அங்கேயும் பிள்ளைகள்தானே குடிக்கிறார்கள். கீழே விழுந்த கொய்யா, இலந்தையைப் பொறுக்கித் தின்னக் கூடாது என்று துலிக்கு இப்போதே சொல்லி வை. குளிர் அதிகம், அவளுக்குக் கம்பளிக் குல்லாய் மறக்காதே.

அல்லாஹ் உங்கள் மூவரையும் வழியெல்லாம் காத்து என் வாசலில் சேர்க்கட்டும். இதைப் படித்ததும் கிழித்துவிடு. அடுத்த முறை போனில், அடுப்பு எரிகிறதா அம்மா என்று மட்டும் கேள், நான் சொன்னபடி செய்வாய் என்று புரிந்துகொள்வேன். அதைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

உன் அம்மா,
ஜொரினா பேகம்