நாலு குடில், இரண்டு கட்டில்

டோர்செட் பார்க்
19 ஜனவரி 2025

அன்புள்ள கோணேஸ்,

மூன்று கிழமை ஆலோசித்து இன்று காலை முடிவுக்கு வந்துவிட்டேன். றைஸ் குக்கர் சுவிசுக்கு வராது. ஐம்பத்தெட்டு வயதில் ஐந்து நாள் சோறில்லாமல் இருக்கலாமா என்று டொக்டரிடமும் கேட்டேன். இருக்கலாமாம்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். ஜூலை 14 தொடக்கம் ஐந்து நாள். கிராமத்தில் புறப்பட்டு மலையைச் சுற்றி அதே கிராமத்துக்கே வருகிறோம். வழியில் நாலு மலைக்குடில். குடிலுக்கு ஓர் இரவு, ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டில் பதிந்துவிட்டேன். இரவுச் சாப்பாடு அவர்களே தருவார்கள்.

நீர் சொன்னது நினைவிருக்கிறது. நாங்கள் இரண்டு பேர் மட்டும். நடந்து முடித்தால் வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னீர். எனக்கு அது போதும்.

உம்முடைய
இரத்தினவேல்


விட்பி
27 ஜனவரி 2025

கோபிகாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஏன் போனில் பேசாமல் எழுதச் சொல்கிறேன் என்று மகளிடம் கேட்டீர்களாம். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போடுவீர்கள். நான் உங்களிடம் கேட்டதற்குப் பக்கத்தில் இருக்கிற ஆள் பதில் சொல்லும். கடிதத்தை ஸ்பீக்கரில் போட முடியாது.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் போன இடம் குடிவரவு நேர்காணல் ஒன்றுதான். அங்கேயும் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். உங்கள் மேல் எனக்கு வேறு பெரிய குறை இல்லை. வீட்டில் எப்போதும் ஆட்கள். உங்களை நான் ஆட்களுக்கு நடுவிலேதான் பார்த்திருக்கிறேன். தனியாக எப்படி இருப்பீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இங்கே பனியில் நடந்து பழகுகிறேன். சுவிசில் உங்கள் அண்ணைக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள்.

கோணேஸ்வரி


டோர்செட் பார்க்
16 மார்ச் 2025

அன்புள்ள கோணேஸ்,

முழங்கால் நல்ல சுகம். ஒரு சிறு தகவல்.

அண்ணைக்கு நான் சொல்லவில்லை. மலைக்கு என்ன சப்பாத்து நல்லது என்று மட்டும் கேட்டேன். எந்த மலை என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“டேய் வேலு, நான் இருக்கிற நாட்டுக்கை வந்து, ஆரோ வெள்ளைக்காரன்ரை குடில்லை படுத்திட்டுப் போகப் போறியோ? இந்தச் சச்சிதானந்தன் தன்ரை தம்பியைப் பாக்கேல்லை எண்டு நாளைக்கு நாலு பேர் கதைக்க மாட்டினமோ?” என்றார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே இரண்டாம் குடிலுக்கு மட்டும் வருகிறார். அண்ணி, பிள்ளைகள், மருமக்கள், அண்ணையின் சிநேகிதர் யேசுரட்ணம் குடும்பம், எல்லாமாகப் பதினாலு பேர். அண்ணி இடியப்பம் கொண்டுவருவா. மற்ற மூன்று இரவும் நாங்கள் இரண்டு பேர்தான். நாலில் மூன்று என்றால் எழுபத்தைந்து வீதம். எங்கள் காலத்தில் பரீட்சையில் எழுபத்தைந்துக்கு அதிவிசேட சித்தி கொடுத்தார்கள்.

கோபிக்காமல் இரண்டு வரி எழுதும்.

இரத்தினவேல்


டோர்செட் பார்க்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள கோணேஸ்,

பதில் இல்லை. தபாலில் பிழை இருக்கலாம்.

கோணேஸ் சந்தோசமோ என்று அண்ணை கேட்டார். நான் கொஞ்சம் யோசித்துவிட்டேன். அதை வைத்து, ஓர் இரவு மட்டும் வருவதில் உமக்கு மனவருத்தம் என்று அவர் எடுத்துக்கொண்டார். இப்போது நாலு குடிலிலும் அவர்களுக்குக் கட்டில் இருக்கிறது.

நான் மறுத்திருக்கலாம். மறுத்தால் காரணம் கேட்பார். காரணம் சொன்னால் நீர் விட்பியில் இருப்பது தெரிந்துவிடும். அவர் போன் எடுக்கும்போதெல்லாம், “கோணேஸிட்டை ஒருக்காக் குடு” என்பார். குளிக்கிறா என்பேன். பதினாலு மாதமாகச் சொல்லி வருகிறேன். நீர் இல்லை என்று ஒருவருக்கும் சொல்ல எனக்கு முடியவில்லை, கோணேஸ். சொன்னால் அது முடிந்த விஷயமாகிவிடும் போல இருக்கிறது.

என்ன செய்யட்டும் என்று எழுதும். நீர் சொல்வதைச் செய்கிறேன்.

இரத்தினவேல்


விட்பி
27 ஏப்ரல் 2025

கோபிகாவின் அப்பாவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. தபாலில் பிழை இல்லை.

அண்ணையோடு நானே பேசினேன். பதினாலு மாதமாக விட்பியில் மகளோடு இருப்பதைச் சொன்னேன். “அப்ப உவன் நீ குளிக்கிறாய் எண்டல்லோ சொன்னவன்” என்றார். “சரி பிள்ளை, அது உங்கடை விஷயம். ஆனால் கட்டில் எடுத்தாச்சு. நாங்கள் வாறம்” என்றார். ஆகவே அவர்களைத் தடுக்க வேண்டிய சிரமம் உங்களுக்கு இல்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். அதில் நீங்கள் தனியாக இருந்தீர்கள். கடைசியில், என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள்.

நடந்து பழகிவிட்டேன், அதனால் வருகிறேன். நீங்கள் பதிந்ததில் என் கட்டில்களை ரத்துச் செய்யச் சொல்லி குடில்காரருக்கு எழுதிவிட்டேன். அதே குடில்களில் தனி ஆளுக்கு இடம் கிடைத்தது. அதே 14ஆம் திகதி, அதே கிராமத்திலிருந்து, மற்றப் பக்கமாகச் சுற்றுகிறேன். நீங்கள் முதல் இரவு தங்கும் குடிலில் நான் கடைசி இரவு தங்குவேன்.

மூன்றாம் நாள் பதினொரு மணியளவில் மலைக் கணவாய்க்குக் கீழே சந்திப்போம். அங்கே பாதை ஒரு ஆள் அகலம். இறங்குகிறவர்கள் ஒதுங்கி நின்று ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்று குடில்காரர் எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் நீங்கள் பதினைந்து பேரும் இறங்குவீர்கள். நான் ஏறுவேன்.

கோணேஸ்வரி