வேட்டித் துணியில் சிக்கிய இழை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை நீங்களாகவே போடுகிறீர்களா, அம்மா திட்டினால்தானா?

போன வாரம் பட்டறைக்கு முப்பது வருஷப் பழைய கிளைடர் ஒன்று வந்தது. இன்ஜினே இல்லாமல் காற்றில் மிதக்கும் விமானம் என்று சொன்னேனே, அதுதான். வாலைத் திருப்பும் கம்பிக்கயிறு பார்க்கப் பளபளவென்று இருந்தது. உங்கள் பழைய வேட்டித் துண்டால் தடவினேன். கப்பியில் ஓடும் இடத்தில் துணி சிக்கியது. இரண்டு இழை அறுந்திருந்தது.

"ரெண்டு இழைதானே, இந்த வருஷம் ஓடிடும்மா," என்றார் கிளைடர்காரர்.

"ஓடும் சார். எந்தத் தேதி வரைக்கும்னு எழுதிக் குடுங்க," என்றேன்.

மாற்றச் சொல்லிவிட்டார். கயிற்றையும் தேய்ந்த கப்பியையும் மாற்றினேன்.

மாற்றியவர்தான் அது முதல் தடவை பறக்கும்போது பின்சீட்டில் உட்கார வேண்டும் என்பது இந்தப் பட்டறையின் வழக்கம். உட்கார்ந்தேன். மேலே காற்றின் இரைச்சல் மட்டும்தான். இருபது நிமிஷமும் என் கவனமெல்லாம் அந்தக் கயிற்றின் மேல்தான். ஊரைப் பார்க்கவே மறந்துவிட்டேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

ஒரு உதவி. இங்கே கிடைக்கும் துணி இழையில் சிக்காமல் வழுக்குகிறது. நான் கொண்டுவந்த துண்டோ கிரீஸில் கறுத்து, உங்கள் வேட்டி என்றே தெரியவில்லை. பழைய வேட்டி இருந்தால் இரண்டாகக் கிழித்து அனுப்புங்கள்.

பட்டறை வேன் ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். மறக்காமல் இரண்டு துண்டு, அப்பா. ஒன்றுதான் கயிற்றுக்கு.

உங்கள் மகள்