மார்ச் மாதத்தில் முந்நூற்று முப்பத்து நாலு பேர்

சிவகாசி
12.11.2006

அன்பு மகன் தவுபிக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உன் அம்மாவும் தங்கச்சி ஹஸ்னாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நான் சுகத்துக்கும் ஒரு படி மேலே, ஏழு கண்டத்தையும் ஆளுகிற சுல்தானைப் போல இருக்கிறேன். ஷார்ஜாவில் உன் உடம்பும், வேலையும், உன் அறையில் குறட்டையால் சுவரை இடிக்கிற அந்த மலையாளத்துக்காரரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். நீயோ, உன் அத்தாவுக்குத் தம்பி என்றும் பாராமல், கார்டு தீருவதற்குள் "பிரஸ்ஸை வித்துருங்க சின்னத்தா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மறைந்துவிடுகிறாய். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, ஆகவே உட்கார்ந்து முழுசாகப் படி. போன வாரம் மழை நாலு தூறல் போட்டது, ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் இமயமலை உயரத்துக்கு ஏறிவிட்டது என்று நான் சொல்ல, உன் அம்மா கணுக்கால் உயரம்தான் என்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வாய் முன்னைவிட நன்றாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சாத்தூர் போதகர் ஞானாபரணத்தின் காலண்டர் ஆர்டர் நல்லபடியாக முடிந்தால் இன்னொரு சீசன் பார்க்கலாம், கைநழுவினால் கட்டிடத்தைக் கோடவுனுக்குக் கேட்கிற விஸ்வநத்தம் பட்டாசுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, ஹஸ்னா பக்கம் வடிவமைக்கிற கம்ப்யூட்டரை மூடிவிட்டு வீட்டோடு இருக்க வேண்டும் என்று நீதானே சொன்னாய். அந்த ஆர்டர் என்ன தெரியுமா? பன்னிரண்டு தாள், பன்னிரண்டு படம், ஒவ்வொரு படத்துக்கும் கீழே அந்தக் காலத்தில் உலக மக்கள்தொகை எவ்வளவு என்ற எண். ஜனவரியில் நோவாவின் பேழை, நம்ம நூஹ் நபியின் கப்பல்தான், இறங்கியவர்கள் எட்டுப் பேர். டிசம்பரில் இன்றைய உலகம், அறுநூற்று ஐம்பது கோடி. வெள்ளம் வற்றி நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் வருஷம் ஆகிறது, வருஷத்துக்கு நூறு பேருக்கு அரை ஆள் பெருகினாலே போதும், எட்டுப் பேர் இத்தனை கோடி ஆகிவிடுவார்கள் என்று போதகர் மூன்று ஊரில் பிரசங்கம் செய்திருக்கிறார். "மனுசன் லட்சக்கணக்கான வருசமா இருந்தா நிக்க இடம் இருக்குமா பாய்?" என்று என்னிடமே கேட்டார். பஜாரில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு நானும் அசந்துபோனேன். நடு மாதங்களுக்கான எண்களை அதே விகிதத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லி ஹஸ்னாவிடம் விட்டுப் போய்விட்டார்.

கணிதம் படித்த பிள்ளை கையில் கணக்கைக் கொடுப்பதும் பட்டாசு மருந்து அறையில் பீடி பற்றவைப்பதும் ஒன்றுதான் மகனே. பிப்ரவரிக்கு ஐம்பத்திரண்டு பேர் வந்தது, படம் பாபேல் கோபுரம். மிஷின் ஓட்டுகிற பாண்டிராஜ் புரூப்பைப் பார்த்துவிட்டு, "அம்பத்திரண்டு பேருல கொத்தனாரு எத்தன, சித்தாளு எத்தன, சின்னத்தா?" என்று கேட்டான். மார்ச்சுக்கு முந்நூற்று முப்பத்து நாலு. படம் என்னவென்று நினைக்கிறாய்? செங்கடல் பிளக்கிறது, மூஸா நபி கோலை நீட்டி நிற்கிறார், பின்னால் அடிவானம்வரை ஜனம்! ஹஸ்னா போதகரின் வேதப் புத்தகத்தையே புரட்டிப் பார்த்திருக்கிறாள். கடலைக் கடந்தவர்களில் ஆண்கள் மட்டும் ஆறு லட்சம் என்று அதில் இருக்கிறது. மொத்த உலகத்திலும் முந்நூற்றுச் சொச்சம் பேர், கடலுக்குள் ஆறு லட்சம் பேர், துரத்தி வந்த படை தனி! நான் "கொடுத்ததை அடிக்கதுதான் நம்ம தொழில், சும்மா இரு தாயி" என்று கெஞ்சினேன். உன் மிரட்டல் என் காதில் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அது தெரியும். இருந்தும் போதகர் வந்ததும் புரூப்பை விரித்து அவர் முன்னால் வைத்துவிட்டாள்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஆதியில் மனுசர் நெடுங்காலம் வாழ்ந்தார்கள், பிள்ளைகள் அதிகம், அப்போது வேகமாகப் பெருகியிருப்பார்கள் என்றார். "சரிங்கய்யா, அப்ப பின்னால மெதுவாப் போயிருக்கணும்ல? வேகத்தை நம்ம இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கலாம்னா இந்தக் கணக்கு எதை நிரூபிக்குது? கடைசி எண்ணை முதல்லயே வச்சுக்கிட்டுத்தான வேகத்தைக் கண்டுபிடிச்சீக, பெறகு கடைசி எண்ணு சரியா வருதுன்னா எப்படிங்கய்யா?" என்று கேட்டாள். லட்சம் வருஷக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தாள். பூச்சட்டி மத்தாப்பில் திரி எரிகிற வேகமும் மருந்து எரிகிற வேகமும் ஒன்றா, மனுசக்கூட்டம் காலகாலமாகப் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் திரி மாதிரி ஊர்ந்து வந்து இந்த இருநூறு வருஷத்தில்தான் பொங்கியது, நீங்கள் முழுவதையும் ஒரே வேகத்தில் எரியவிட்டீர்கள் என்றாள். போதகர் முகம் சிவந்துவிட்டது. படங்களைச் சுருட்டிக்கொண்டு, "அடிக்கதுக்கு ஊர்ல வேற பிரஸ் இல்லாமப் போகல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஹஸ்னா கம்ப்யூட்டருக்கு உறை போட்டாள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, மூன்றே தட்டுதான் சாப்பிட்டேன்.

முந்தாநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து திரும்புகிறேன், வாசலில் போதகர் நிற்கிறார், கையில் அதே சுருள்! "நான் போன பிரஸ்ல ஒரு கேள்வி கேக்கல பாய். முந்நூத்தி முப்பத்து நாலையும் ஆறு லட்சத்தையும் ஒண்ணா அடிச்சுத் தாறோம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாக. அதுலதான் பயந்துட்டேன். வீட்டுக்கு வீடு மாட்டி வருசம் பூராப் பாக்கப்போற தாளு" என்றார். பிறகு ஹஸ்னாவிடம், "என் விசுவாசம் இந்தக் கணக்கை நம்பி நிக்கல தாயி. எண்ணை எல்லாம் எடுத்துரு, படம் இருக்கட்டும். ஆனா நான் தோத்துட்டேன்னு நினைக்காத, வேற கணக்கோட வருவேன்" என்றார். "வாங்கய்யா, பேப்பர் நெறைய இருக்கு" என்றாள் நம்ம மகாராணி. பிரசங்கம் செய்த மூன்று ஊரிலும் அந்தக் கணக்கு தப்பு என்று தானே எழுந்து சொல்லப்போகிறாராம். அந்த நெஞ்சுக்கு என் சுல்தான் பட்டத்தைக் கழற்றிக் கொடுத்துவிடலாம். நமக்கும் இதில் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. நம்ம வேதத்தில் நூஹ் நபியின் வெள்ளம் எந்த வருஷம், கப்பலில் எத்தனை ஆள் என்று கணக்குப் போட்டு நம்மை மாட்டிவிடவில்லை, அவ்வளவுதான்.

இப்போது மிஷின் பூமி அதிர ஓடுகிறது, சத்தத்தில் ராமேஸ்வரம் வரைக்கும் மீன்கள் கலைந்து ஓடுவதாகக் கேள்வி. விஸ்வநத்தத்துக்காரர் சாவி கேட்டு வந்தார், யானை விழுங்கிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். விளையாட்டு போகட்டும். பிரஸ் என் அண்ணன், உன் அத்தா, விட்டுப்போனது, முடிவு உன்னுடையது, உன் சொல்லை மீறி நான் நடக்க மாட்டேன். ஆனால் அந்த முடிவை என்னிடம் சொல்லாதே, அவளிடம் சொல். அவள் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. நீ வழக்கமாகக் கூப்பிடுகிற நேரம் வந்தால் மட்டும் பாண்டிராஜிடம் மிஷினை நிறுத்தச் சொல்கிறாள், போன் மணி அடித்தால் கேட்க வேண்டுமாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, வெயிலில் தலைக்குத் துணி போடு. இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தருவானாக, புத்தியைக் கொஞ்சம் சீக்கிரமே தருவானாக.

உன்னைத் தோளில் சுமந்த சின்னத்தா,
அலாவுதீன்