அரை ஏக்கர் நீங்கலாக

கேட்வுட் மாவட்டம், அலபாமா
19 பிப்ரவரி 1997

அன்புள்ள தம்பி ஹோசியாவுக்கு,

நம் பழைய எண்பது ஏக்கரில் ஏப்ரல் 15ஆம் தேதி மரம் வெட்டத் தொடங்குகிறார்கள். போன வாரம் மரக் கம்பெனி மேஸ்திரி ராய்ஸ் கிம்ப்ரெல் என் முகத்துக்கு நேரே சொன்னது இது. வெட்டி முடித்ததும் புல்டோசர் வைத்து வேர்க்கட்டைகளைத் தள்ளி, மண்ணைச் சமன்செய்து, மறுபடி பைன் நடுவார்களாம். ஐசம் பாட்டனாரும் அவருக்குப் பின்னால் போன நம் ஆட்களும் அந்த மண்ணில்தான் கிடக்கிறார்கள்.

திடீரென்று எழுதுகிறேனே என்று திகைக்காதே. டெட்ராய்ட் தொலைபேசிப் புத்தகத்தில் பதினொரு கோல்பர்ட் இருந்தார்கள். நான்காவது எண்ணில் உன் மனைவி லூரேன் எடுத்தாள். குரலைக் கேட்டதும் மனதுக்குப் பிடித்துவிட்டது. இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் இருக்கும் பீக்கன் கொட்டை அவளுக்கு.

பர்மிங்ஹாம் பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இரண்டு வருடமாக அப்பாவின் வீட்டில் இருக்கிறேன். முட்டி வலி தவிர வேறு குறையில்லை. நம் குடும்பத்தின் வேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். 1870க்கு முந்திய மக்கள்தொகைக் கணக்கில் நம்மவர்கள் வயதும் ஆணா பெண்ணா என்பதுமாகத்தான் இருக்கிறார்கள், அடிமைகளை வைத்திருந்த முதலாளியின் பெயருக்குக் கீழே. ஐசம் என்ற பெயர் காகிதத்தில் முதன்முதலாக வருவது 1884 நிலப் பத்திரத்தில். அடிமையாகப் பிறந்தவர் எண்பது ஏக்கர் வாங்கி, வீடு கட்டுவதற்கு முன்பே, ஓடைக்கு மேலே வெள்ளம் ஏறாத மேட்டைக் கல்லறைக்கென்று ஒதுக்கியிருக்கிறார். தனக்கு வீடு அப்புறம், தன் ஜனங்களுக்கு இடம் முதலில். அந்த மனிதரின் பேத்தியாய்ப் பிறந்ததில் எனக்குப் பெருமை.

கம்பெனியின் வரைபடத்தில் அந்த மேட்டுக்குக் ‘குப்பைமேடு’ என்று போட்டிருக்கிறது. கம்பெனி வாங்குவதற்கு முன்பே, 1961இல் அளந்தவன் உடைந்த கோப்பையையும் விளக்கையும் பார்த்து அப்படி எழுதிவிட்டான்.

“அம்மா, இங்க கல்லறையும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றார் கிம்ப்ரெல், மேட்டின் அடியில் சிதறிக் கிடந்ததைக் காட்டி. “வெறும் பீங்கான் ஓடு.”

“ஒண்ணை எடுத்துப் பாருங்க. அடியில என்ன இருக்கு?”

“ஓட்டை.”

“எல்லாத்துலயும் இருக்கும். செத்தவங்க கடைசியா குடிச்ச கோப்பை. அடியை உடைச்சு தலைமாட்டுல வெச்சாத்தான் வீட்டுல அடுத்த சாவு விழாதுன்னு எங்க ஆளுங்க செஞ்சது.”

அவர் எடுத்த கோப்பையை எடுத்த இடத்திலேயே வைத்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “நான் சம்பளத்துக்கு வேலை செய்யறவன், அம்மா. என்கிட்ட சொல்லிப் புண்ணியம் இல்ல. நீதிபதிகிட்டப் போங்க,” என்றார். போனேன். ஏப்ரல் 8ஆம் தேதி விசாரணை. அங்கே அடக்கம் நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒருவர் சத்தியம் செய்து சொல்ல வேண்டும் என்கிறார்கள். 1949இல் உன் தங்கை ரூத்தியை அடக்கம் செய்தபோது நான் மாண்ட்கமரியில் படித்துக்கொண்டிருந்தேன். நீ அங்கே இருந்தாய். உன்னைத் தவிர இன்று யாரும் இல்லை.

உன் அப்பா, என் பெரியப்பா, அந்த நிலத்தை விற்றதைப் பற்றி நான் பேச வரவில்லை. என் அப்பா தேவாலய வாசலில் நின்று, “பொணங்களோட சேத்து வித்துட்டான்” என்று ஊர் கேட்கச் சொன்னது உனக்கும் தெரியும். அதை இப்போது கிளற வேண்டாம். வா, தம்பி.

உன் அக்கா,
வெர்னெட்டா

---

டெட்ராய்ட்
27 பிப்ரவரி 1997

அக்கா வெர்னெட்டாவுக்கு,

கடிதமும் பீக்கனும் வந்தன. லூரேன் கொட்டையை வறுத்து முடித்துவிட்டாள். கடிதம் எனக்குச் செரிக்கவில்லை.

கிளற வேண்டாம் என்று எழுதுவதற்காகவே அந்த வரி முழுவதையும் எழுதியிருக்கிறீர்கள். செய்தி எழுதிய கை அல்லவா.

உங்களுக்குத் தெரிந்தது ஒரு கதை. வீட்டுக்குள் இருந்தவன் நான், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1958 அக்டோபரில் என் அப்பா வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனார். அடுத்த வாரம் எங்கள் கொட்டகை எரிந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு ஆள் காரை விட்டு இறங்காமலே, “லெம், சனிக்கிழமைக்கு மேல உன்னை இங்க பாக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. வேலிக்குப் பின்னால் நின்று கேட்டேன். வியாழக்கிழமை அப்பா நீதிமன்றத்துக்குத் தனியாகப் போய்ப் பத்திரம் முடித்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டோம். சித்தப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று வழியில் கேட்டேன். “சொன்னா கூட நிப்பான். அவன் வீட்டையும் கொளுத்துவானுங்க,” என்றார்.

டெட்ராய்ட்டில் வார்ப்பட ஆலையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தார். ஒரு தடவையாவது ஊரைப் பற்றிக் குறைசொல்லி நான் கேட்டதில்லை. சாகக் கிடந்தபோது, “எங்க அடக்கம் பண்ணட்டும்பா?” என்றேன். “இங்கயே போடு. அங்க எனக்கு எடம் தரமாட்டாங்க.” 1971இல் அவர் போனதாகத் தந்தி அடித்தேன். உங்கள் வீட்டிலிருந்து ஒரு வரி வரவில்லை.

இப்போது நீங்கள் கூப்பிட்டதும் நான் ஓடிவந்து, ஊருக்கு முன்னால் நின்று, என் அப்பன் விற்ற கல்லறை இதுதான் என்று கை காட்ட வேண்டும். அப்படித்தானே?

ஒன்று கேட்கிறேன். நாற்பது வருடம் பத்திரிகையில் இருந்தீர்களே, அவர் எழுதிக்கொடுத்த பத்திரத்தை உங்கள் கண்ணால் படித்தீர்களா?

நான் வரமாட்டேன்.

ஹோசியா

---

கேட்வுட் மாவட்டம்
7 மார்ச் 1997

அன்புள்ள ஹோசியா,

பத்திரத்தை இன்று காலை பத்து இருபதுக்குப் படித்தேன். மாவட்டப் பதிவறை, பத்திரப் புத்தகம் 112, பக்கம் 387. நாள் 23 அக்டோபர் 1958, வியாழக்கிழமை.

அதற்கு முன் நான் அதைப் படித்ததில்லை. 1884ஐப் படித்தேன், நிலம் அடுத்த தலைமுறைக்கு மாறிய 1921ஐப் படித்தேன், கம்பெனி வாங்கிய 1974ஐப் படித்தேன். நடுவில் இருந்த பெரியப்பாவின் பத்திரத்தை மட்டும் எடுக்கவில்லை. அதில் என்ன இருக்கும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்தேன். யார் சொல்லித் தெரியும்? என் அப்பா சொல்லி. வேறு யார் அப்பா சொல்லியிருந்தாலும் இரண்டாவது ஆளிடம் விசாரித்திருப்பேன்.

பதிவறை எழுத்தர் மிஸ் ஃபே என்னை அறிந்தவள். “அந்தப் புத்தகம் மேல் தட்டுல இருக்கு, மிஸ் வெர்னி. என் இடுப்பு ஏணி ஏறாது.”

“என் முட்டியும் ஏறாது.”

“அப்ப ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு ஆள் ஆவோம். நீங்க ஏறுங்க, நான் புடிச்சுக்கறேன். விழுந்தா மட்டும் மதிய சாப்பாட்டுக்கு முன்னாடி விழுங்க. அப்புறம் ஆள் இருக்காது.”

பத்திரம், நிலத்தை வாங்கியவனின் அச்சிட்ட படிவம். எண்பது ஏக்கரும் தட்டச்சில் இருக்கிறது. அதன்கீழே, இரண்டு வரிகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, மையில், கையெழுத்தில் இப்படி இருக்கிறது. ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்:

‘மேட்டில் என் ஜனங்கள் அடக்கமாகியிருக்கும் அரை ஏக்கர் நீங்கலாக. அங்கே போய்வரப் பாதையும் நீங்கலாக. என்றைக்கும்.’

ஓரத்தில் எல்.சி. என்று பெரியப்பாவின் சுருக்கொப்பம். அதற்குப் பக்கத்தில், வாங்கியவனின் சுருக்கொப்பம்.

மிஸ் ஃபே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். “முப்பது வருஷமா இந்தப் புத்தகங்களோட இருக்கேன். அந்தக் காலத்துல கறுப்பர் ஒருத்தர் வெள்ளைக்காரன் படிவத்துல கைவெச்சு எழுதி, அவனையே கையெழுத்துப் போட வெச்சதை இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

நானும்தான். கொட்டகை எரிந்து ஒரு வாரம், ஊரை விட்டுப் போக இரண்டு நாள், கூடத் துணைக்கு ஒருவர் இல்லை. அந்த நிலையில் ஒரு மனிதர் மேசைக்கு முன்னால் நின்று, இதை எழுதாமல் கையெழுத்து இல்லை என்று சொல்லியிருக்கிறார். நான் பேட்டி கண்ட துணிச்சல்காரர்கள் பலர். அவர்களுக்கு முன்னால் கூட்டம் இருந்தது, காமிரா இருந்தது. பெரியப்பாவுக்கு ஒரு பேனா இருந்தது.

1974 விற்பனையில் அந்த வரியை விட்டுவிட்டார்கள். அதனால்தான் கம்பெனிக்குத் தெரியவில்லை. இனி நிலம் யாருக்கு என்பதில் வழக்கில்லை. ஆனால் அந்த அரை ஏக்கர் எண்பதில் எங்கே என்று பத்திரத்தில் அளவு இல்லை. குப்பைமேடு வேறு, கல்லறை வேறு என்று கம்பெனி வக்கீல் சொல்லப்போவதாகக் கேள்வி.

உன் தந்தி வந்த அன்று நான் இந்த வீட்டில் விடுமுறையில் இருந்தேன். அப்பா படித்துவிட்டு மடித்து வைத்தார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் கேட்கிறேன்.

நகல் இணைத்திருக்கிறேன்.

வெர்னெட்டா

---

டெட்ராய்ட்
15 மார்ச் 1997

அன்புள்ள அக்கா,

நகலை லூரேன் உரக்கப் படித்தாள். ‘என்றைக்கும்’ வந்ததும் நிறுத்தச் சொன்னேன். அது அப்பாவின் கையெழுத்துதான். மளிகைச் சீட்டு எழுதினால்கூட அப்படித்தான் அழுத்தி எழுதுவார், மறுபக்கம் தடம் விழும்.

ஏப்ரல் 7 திங்கட்கிழமை மாலை பேருந்தில் வந்து இறங்குகிறேன். வக்கீலிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்: ரூத்தியின் நீலக் கோப்பையை என் கையால்தான் கவிழ்த்து வைத்தேன், எனக்கு ஒன்பது வயது. அவளுக்கு வலது கைப்பக்கம் ஐசம் பாட்டனார். அவர் தலைமாட்டில் கல் கிடையாது. அவருடைய இரும்புக் கட்டிலின் தலைப்பக்கத்தை மண்ணில் நட்டிருந்தார்கள். மேலே இரண்டு பித்தளைக் குமிழ். ஒன்றைத் திருகப்போய் அப்பாவிடம் அடி வாங்கினேன், அதனால் மறக்கவில்லை.

சோள ரவைக் கஞ்சியும் கீரையும் தயாராக இருக்கட்டும். விசாரணைக்கு வெறும் வயிற்றோடு வரமாட்டேன்.

தம்பி ஹோசியா

---

டெட்ராய்ட்
19 ஏப்ரல் 1997

அன்புள்ள அக்கா,

நலமாய் வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்த சோளரொட்டி ஒகையோ வரைக்கும் தாங்கியது.

நீதிபதி இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எங்களை மேட்டுக்கு நடத்திப் போனபோது, முட்டி வலியால் நீங்கள் காரிலேயே இருந்துவிட்டீர்கள். திரும்பி வந்ததும் “கிடைச்சுது” என்று மட்டும் சொன்னேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

உள்ளே போனதும் பயந்துவிட்டேன். எங்கே பார்த்தாலும் பைன், வரிசையாய், ஒரே மாதிரி. என் பிள்ளைப்பருவத்து மேடு அது இல்லை. கம்பெனி வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது ஒரு இடத்தில் தரை முழுக்கப் பச்சைக் கொடியும் ஊதாப் பூவும் படர்ந்திருந்தது. கல்லறைக்கென்று பெண்கள் நட்டு வைக்கிற அந்தக் கொடி, மேட்டை விட்டு ஓர் அடி வெளியே போகவில்லை. அதன் நடுவில் நின்று, ஓடையைப் பார்த்துத் திரும்பி, “இங்க” என்றேன்.

கிம்ப்ரெல் மண்டியிட்டுக் கையால் சருகை விலக்கினார். புல்டோசர்காரர், அக்கா, கண்ணாடிப் பாத்திரத்தைத் துடைக்கிற மாதிரி விலக்கினார். கம்பி தட்டுப்பட்டது. பிறகு குமிழ்.

வக்கீல் விடவில்லை. “குப்பைமேட்டுலயும் கட்டில் கிடைக்குமே, ஐயா.”

நீதிபதி அவரைப் பார்த்தார். “கிடைக்கும். ஆனா மண்ணுல ஆழமா நட்டு நிக்க வெச்சு, கல்லறை மாதிரி கிழக்கே பாக்க வெச்சு எவன்யா குப்பை கொட்டுவான்?”

அங்கேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். நான் ரூத்தியிடம் கொஞ்சநேரம் நின்றேன். மற்றவர்கள் தள்ளிப் போய்விட்டார்கள். கிம்ப்ரெல் அவர்களைத் தள்ளிக்கொண்டு போனார் என்று நினைக்கிறேன்.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். நேரில் கேட்க வாய் வரவில்லை. அப்பா இங்கே நெடுஞ்சாலை ஓரத்தில், ஆயிரம் பேருக்கு நடுவில் கிடக்கிறார். பக்கத்தில் இருப்பவர் யார் என்று எனக்கே தெரியாது. அங்கே இடம் தரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தருவீர்களா?

ஹோசியா

---

கேட்வுட் மாவட்டம்
28 ஏப்ரல் 1997

அன்புள்ள தம்பி,

கையெழுத்திட்ட தீர்ப்பின் நகல் வியாழக்கிழமை வந்தது, மிஸ் ஃபே கொண்டுவந்து கொடுத்தாள். அரை ஏக்கரும் பாதையும் கோல்பர்ட் வாரிசுகளுக்கு. சுற்றி முப்பது அடிக்கு மரம் வெட்டக்கூடாது. வரைபடத்திலிருந்து ‘குப்பைமேடு’ நீக்கப்பட வேண்டும். 15ஆம் தேதி கம்பெனி வெட்டத் தொடங்கியது. முதல் நாளே கிம்ப்ரெல் நம் எல்லையில் மரத்துக்கு மரம் ஆரஞ்சு நாடா கட்டியிருந்தார், தீர்ப்பு கேட்டதைவிடப் பத்து அடி தள்ளி. “என் நாடா கொஞ்சம் நீளம், அம்மா,” என்றார்.

சனிக்கிழமை அவர் கம்பி ஒன்று கொண்டுவந்தார். தோண்டிய மண் கம்பியை உள்ளே விடும், தோண்டாத மண் தடுக்கும். இந்தத் தடவை தடி ஊன்றிக்கொண்டு நானும் மேட்டுக்கு ஏறினேன். முப்பத்தொரு பேரை எண்ணினோம். பெயர் தெரிந்தது பதினாறு.

ரூத்திக்கு இடது பக்கம் நான்கடி அகலம், ஏழடி நீளம், கம்பி இறங்கவில்லை. இடம் இருக்கிறது. பெரியப்பா காப்பாற்றிய மண்ணில் பெரியப்பாவுக்கு இடம் தர நான் யார்? ஆனாலும் நீ கேட்டதால் எழுத்தில் சொல்கிறேன்: தருகிறோம்.

நேற்று ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்றேன். தவறான செய்தி எங்கே வெளியானதோ அங்கேதான் திருத்தமும் வெளியாக வேண்டும். என் அப்பா கிளியோஃபஸ் கோல்பர்ட் இந்த வாசலில் சொன்னது தவறு என்று சொல்லி, பக்கம் 387இன் வரியைப் படித்தேன். பின்வரிசையிலிருந்து நம் சபை மூத்தவர் டீக்கன் ஆர்ட்டிஸ் கேட்டார்: “முப்பத்தொம்போது வருஷம் லேட்டு இல்லையா, வெர்னி?”

“திருத்தம் எப்பவும் உள்பக்கத்துல, லேட்டாத்தான் வரும், டீக்கன்.”

சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லவில்லை, தாமாக நின்றார்கள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் நின்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். உறுதிசெய்ய வழியில்லை.

தீர்ப்பு, இடம், டீக்கனின் கையில் மண்வெட்டி, மூன்றும் தயார். பெரியப்பாவை இங்கே கொண்டுவர அலபாமா தரப்பில் வேண்டிய காகிதத்தில் நேற்றே கையெழுத்துப் போட்டேன். உங்கள் மிச்சிகன் மாநிலச் சுகாதார அலுவலகம் அங்கே அவர் கல்லறையைத் திறக்கத் தரும் அனுமதி மட்டும் பாக்கி. மே 30ஆம் தேதிக்குள் வரும் என்று நீ கடிதத்தோடு வைத்திருந்த விண்ணப்பச் சீட்டில் போட்டிருக்கிறது. வந்துவிட்டால், அடக்கம் ஜூன் 7, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு.

உன் அக்கா,
வெர்னெட்டா